திருநின்றவூரில் நின்ற டீசல் எது? ஓர் ஆய்வு

திரு நின்ற ஊர் திருநின்றவூர். வைகுண்டத்திலிருந்து கோபித்துக்கொண்டு வந்த திருமகள் நின்ற இடம் என்கிறது தலபுராணம். பேச்சுவழக்கில் தின்னனூர். 1964இல் ஓடத் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸோ இங்கே நிற்காமல் போகிற வண்டி. ஆகவே ஆய்வுக்குரியது பாசஞ்சர்தான். மொட்டைமாடி அறையில் எட்டடி பிளைவுட் மேல் ஓடவிருக்கும் என் பொம்மை ரயிலுக்கு, வரலாறு பிசகாத டீசல் இன்ஜின் எது? (பொம்மை என்றது கைப்பிழை. மாதிரி ரயில் என்று திருத்தி வாசிக்க.)

முதலில் காலம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன கரிவண்டி இந்தத் தடத்தில்தான் புகைந்தது. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை 1979இல் மின்கம்பி வந்தது. கம்பிக்குக் கீழேயும் டீசல் ஓடியதே என மறுப்பாரும் உளர். உண்மைதான். ஆனால் எட்டடிக்கும் கம்பி இழுக்க எனக்குப் பொறுமையில்லை. எனவே ஆய்வு எல்லை 1979.

அடுத்து இன்ஜின். ஜெனரல் மோட்டார்ஸின் டபிள்யூ.டி.எம்.-4 அழகிதான். ஹௌரா-டில்லி ராஜதானியை 1969இல் இழுத்த பெருமையும் அதற்குண்டு. வந்தவை 72 மட்டும், வாழ்ந்தது வடக்கே, தின்னனூர் அதற்குத் தெரியாது. எஞ்சுவது டபிள்யூ.டி.எம்.-2. அமெரிக்க ஆல்கோவின் வடிவம், 2,600 குதிரைத்திறன், 1964 முதல் வாரணாசியில் உருவானது. கிளம்பும்போது கரும்புகையைக் கக்கும். பஞ்சை வைத்து அதையும் செய்து பார்த்தேன், வீட்டில் ஒட்டடை என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். இதன் எண்வரிசை பின்னோக்கி நடப்பது: 18 ஆயிரங்கள் மூத்தவை, 17உம் 16உம் பிந்தியவை. பெரிய எண்தானே புதிது என்று 16 ஆயிரத்தில் ஒன்றை எழுதி, 1960களில் ஓடவிடுபவரோடு நான் பேசுவதில்லை.

இதன் போகியில் மூன்று அச்சுகள். நடு அச்சு நடுவில் இராது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். இதைச் சரிசமமாக வைத்த மாதிரியைக் கண்டால் அன்றிரவு எனக்குத் தூக்கம் போச்சு.

இதைவிடப் பெரிய தலைவலி தண்டவாளம். 87இல் ஒரு பங்கு என்ற அளவில் உலகெங்கும் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு ஆனது. நம் அகலப்பாதையோ 1,676. நியாயப்படி 19.26 வேண்டும். ஆக, கடையில் வாங்கிய தண்டவாளத்தில் ஏறிய கணமே என் இன்ஜின் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது.

இதற்கு முன்னோர் காட்டிய தீர்வு இவ்வூரிலேயே உண்டு. பூசலார் நாயனார் கையில் காசில்லாமல், மனத்திலேயே அடித்தளமிட்டு, சிகரம் எழுப்பி, கிணறும் தோண்டிக் கோயிலை முடித்தார். அதே நாளில் இறைவன் இந்த மனக்கோயிலுக்கு வரவிருந்ததால், காஞ்சியில் கல்லால் கட்டிய பல்லவ மன்னன் கும்பாபிஷேகத்துக்கு வேறு நாள் பார்க்க வேண்டியதாயிற்று. பூசலாரின் கோயிலில் ஒரு மில்லிமீட்டர் பிழையும் இருந்திருக்காது. எனக்கு அத்தனை பக்தி இல்லை, பிளைவுட்டும் வாங்கியாகிவிட்டது.

இறுதியாகக் கண்கண்ட சாட்சி. அம்மாவிடம் கேட்டேன்.

“இன்ஜினை யாருப்பா பாத்தா? உக்கார இடம் கிடைக்குமான்னுதான் பாப்போம். உங்க தாத்தா வண்டி வர நாப்பது நிமிஷத்துக்கு முன்னாடியே எல்லாரையும் கொண்டாந்து நிக்க வெச்சுடுவாரு. அதைச் செய்யி.”

நாற்பது நிமிடத்தை 87ஆல் வகுத்தால் 27.6 நொடி. இப்போது இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், கையில் மஞ்சள்பையோடு, அவசரப்படுகிற தாத்தா ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.