மஞ்சள் சுடர்: குமுளி வட்டாரத்துப் பர்னர் துலக்கல் பற்றிய ஓர் ஆய்வு

ஏலமலையில் ஏலக்காய்க்கென்றே இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. மைலாடும்பாறையில் நறுமணப்பொருள் வாரியத்தினுடையது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தினுடையது. செடிக்கு வரும் நோய், காயைத் துளைக்கும் பூச்சி, மண்ணின் புளிப்பு என்று அங்கே ஒன்றையும் விடுவதில்லை. அதே மலையில், விடியும் முன்பே கட்டன் சாயாவுக்காகப் பற்றவைத்து, இரவு பால் காய்ச்சி முடியும்வரை எரிகிற வீட்டுக் கேஸ் அடுப்பின் பர்னரை ஆராய ஒரு கொட்டகைகூடப் போடப்படவில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையைத் தம்மால் இயன்றவரை தீர்க்க இக்கட்டுரையாளர் முன்வந்துள்ளார். நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை. சில வீடுகளில் சுக்குக் காப்பி கிடைத்தது.

ஆய்வெல்லை

டொரண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் குடியேறிய தமிழர் வீடுகளில் நிலவறையில் ஃபர்னஸ் என்றொரு பெட்டி இருக்கும். கேஸில் எரிந்து, காற்றைச் சூடாக்கி, குழாய் வழியே அறை அறையாக அனுப்பும். ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை அதன் காற்று வடிகட்டியை மாற்றுவார்கள். குளிர்காலத்துக்கு முன் ஆள் வைத்துத் திறந்து பார்ப்பார்கள். ஜனவரியில் அது நின்றால் வீடே விறைத்துவிடும் என்பதால் அதற்கு அந்த மரியாதை. குமுளியின் மார்கழிக் குளிர் அவ்வளவு முரடில்லை. ஒரு கம்பளி, ஒரு குல்லாய், இரண்டாவது டம்ளர் சாயா, அடங்கிவிடும். இங்கே வீட்டுக்குள் கேஸ் எரிவது சோறு வேகும் இடத்தில் மட்டுமே. ஆகவே இவ்வாய்வு அடுப்பங்கரையைத் தாண்டாது.

களமும் கஞ்சியும்

குமுளி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மாநில எல்லையில் தோள் சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஊர். கொல்லத்திலிருந்து தேனி போகும் தேசிய நெடுஞ்சாலை 183 இங்கே எல்லை கடந்து லோயர் கேம்ப்புக்கு வளைந்து வளைந்து இறங்குகிறது. 1956 மாநிலச் சீரமைப்பில் பீர்மேடு வட்டம் கேரளத்தோடு போயிற்று. தமிழ் பேசிய வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதன் விளைவாக ஒரே தெருவில், ஒரே மாதிரி அடுப்பில், இரண்டு விதமான அரிசி வேகிறது. பர்னர் ஆய்வாளனுக்கு இதைவிட வாய்ப்பான களம் வேறெங்கும் அமையாது.

900 மீட்டரில் தண்ணீர் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதித்துவிட்டது என்பதற்காக வெந்துவிடாது. கீழே கம்பத்தில் பிடிக்கும் நேரத்தைவிட இங்கே கொஞ்சம் கூடப் பிடிக்கும். மட்டை அரிசியோ எந்த ஊரிலும் அவசரப்பட்டு அறியாதது. நேரம் நீள நீள, கஞ்சி நுரைத்து, மூடியை லேசாகத் தூக்கி, விளிம்பில் ஒரு கணம் யோசித்து, பிறகு இறங்கும். பொன்னி அரிசி பெரும்பாலும் குக்கருக்குள் போய்விடுவதால் விசிலோடு ஒரு தூறல் மட்டும் போடும். கப்பை வெந்த உப்புத் தண்ணீர் வழிந்த அடுப்பில் மறுநாள் சுடர் ஆரஞ்சாகத் தெரியலாம். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம், அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

துளைகளை அடைப்பதில் மட்டை அரிசிக் கஞ்சிக்கே முதலிடம் என்பது தமிழ்த் தகவலாளிகளின் ஒருமித்த முடிவு. மலையாளத் தகவலாளிகள் பாலைக் கைகாட்டினார்கள். பால் இரண்டு மாநிலத்துக்கும் பொதுவானது என்பதால், இது ராஜதந்திரம் மிக்க விடை என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

கோட்பாட்டுப் பின்னணி

1855 வாக்கில் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் பன்சன், பீட்டர் டெசாகா என்ற கருவி வல்லுநரைக் கொண்டு ஒரு பர்னரைச் செய்வித்தார். எரியும் முன்பே கேஸோடு காற்றைக் கலந்துவிடுவதுதான் அதன் சூட்சுமம். குமுளி அடுப்பும் அதே வம்சம். ஜெட்டின் சின்னத் துளை வழியே கேஸ் சீறிப் பாயும். பாய்கிற வேகத்தில் பக்கத்துத் திறப்பிலிருந்து காற்றையும் இழுத்துக்கொள்ளும். அடிக்குழாயில் இரண்டும் கலந்து மேலே நீலமாக எரியும். ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு இன்னும் அதிகம். குமுளி உயரத்தில் காற்றின் அடர்த்தியே கடற்கரையைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. அதாவது, இந்த ஊர் அடுப்புக்குக் கையிருப்பு குறைச்சல். கொஞ்சம் அடைத்தாலும் மூச்சு வாங்கும்.

காற்று போதாதபோது கேஸிலுள்ள கரி முழுதும் எரியாமல் துகள் துகளாகச் சுடரில் மிதக்கும். அத்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதே மஞ்சள் நிறம். மைக்கேல் ஃபாரடே 1860–61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தியை வைத்து ஆறு சொற்பொழிவுகளில் பாடம் நடத்தினார். மஞ்சள் ஒளியின் ரகசியமும் அதில் அடக்கம். அந்தத் துகள்கள் பாத்திரத்தின் அடியில் போய் ஒட்டினால், குமுளியில் அதற்கு வழங்கும் விளக்கம் வேறு: “இப்பல்லாம் பாத்திரமே சரியில்லக்கா.” பிறகு அந்தப் பாத்திரத்தைக் கம்பி நார் போட்டு, சபீனா போட்டு, மூச்சிரைக்கத் தேய்ப்பார்கள். மறுநாள் அதே சுடர், அதே கரி, அதே நார். பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாகச் சுடர் நீலமாக இருக்கட்டும் என்று சொல்லிவருகிறது. புது அடுப்புக்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 சதவீதம். அது கஞ்சி பார்க்காத கன்னிப் பருவத்துக் கணக்கு.

ஊக்கும் புளியும்

துலக்கல் முறைகளில் முதலாவது ஊக்கு மரபு. இதன் வேர் கேஸுக்கு முந்தையது. 1892இல் ஸ்வீடனின் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய ப்ரைமஸ் வகைப் பம்பு ஸ்டவ்வில், மண்ணெண்ணெய் ஆவி வரும் நிப்பிள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். தகரப் பட்டையில் மெல்லிய கம்பி பதித்த ஸ்டவ் பின் கொண்டு குத்தித்தான் அதைத் திறக்க வேண்டும். அந்த அடுப்பின் சுபாவம் அது. பம்பு ஸ்டவ் பரணுக்கு ஏறிவிட்டது. குத்தும் பழக்கம் மட்டும் வளையலில் தொங்கும் ஊக்குக்குக் குடிபெயர்ந்தது. பர்னர் துளைகளை ஊக்கால் குத்துவதில் பாதகமில்லை. மரபின் தீவிரப் பிரிவினர் அதோடு நிற்பதில்லை. கீழே ஜெட்டுக்குள்ளும் ஊக்கை விடுவார்கள். ஜெட் பித்தளை. அதன் துளை மயிரிழை பெருத்தாலும் கேஸ் கூடும், காற்று அதற்கேற்பக் கூடாது, சுடர் மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்ததும் மறுபடி ஊக்கு. நோயும் மருந்தும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்த ஏற்பாடு ஜெட் விற்கும் கடைக்காரர் தலையிடும்வரை நீடிக்கும்.

புளி மரபு இதைவிட நாகரிகமானது, உள்ளுக்குள் பிளவுபட்டதும்கூட. கறுத்த பித்தளை பர்னரைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தால் மின்னும். தமிழ் வீடுகளில் கம்பத்துப் பக்கமிருந்து மலையேறி வந்த கொட்டைப்புளி. அதில் டார்டாரிக் அமிலம். மலையாள வீடுகளில் மீன்கறிக்கு வைத்திருக்கும் குடம்புளி. அதில் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம். பித்தளையின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைப்பதில் இரண்டும் கெட்டிதான். குடம்புளி அடுப்புக்கு மேலே புகையில் உலர்த்தப்படுவது. புகையில் பிறந்ததைக் கொண்டு புகைக்கரியைப் போக்குவதிலுள்ள தத்துவ அழகை ஒரு சேச்சியிடம் எடுத்துச் சொன்னபோது, “புளி இருநூறு கிராம் போச்சு, அதைச் சொல்லு” என்றார். ஒரே பர்னரின் ஒரு பாதியில் இதையும் மறுபாதியில் அதையும் தேய்த்ததில் இரு பாதியும் பளபளத்தன. எல்லைத் தகராறு எதுவும் தென்படவில்லை.

ஆனால் பளபளத்தது வெளிப்புறம். புளிக்கு நிறம் மாற்றத் தெரியும். துளைக்குள் கல்லாய் இறுகிய கஞ்சியைத் தள்ளத் தெரியாது. அதற்கு வெந்நீர், சோப்பு, பழைய டூத் பிரஷ், துளை துளையாகக் குத்தும் பொறுமை, கடைசியில் ஈரம் போக உலர்த்துதல். இந்தக் கடைசிப் படியில்தான் குமுளி தோற்கும். ஆனி ஆடியில் போட்ட துணியே நாலு நாள் காயாத ஊரில், ஈர பர்னரை அவசரமாக மாட்டினால் அது படபடவென்று பொரியும், பாதி வட்டம் எரியும், பாதி வட்டம் மறுக்கும்.

எட்டுக்கால் இடையீடு

சில நாள் பூட்டிக் கிடந்த வீடுகளை இந்த ஆய்வு தனியாகக் கவனித்தது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் கீழே போய் உறவினர் வீடுகளில் தங்கித் திரும்புவோரும், தேக்கடியில் சீசன் இல்லாத மாதங்களில் மூடிக்கிடக்கும் தங்கும் விடுதிக்காரர்களும் அடுப்பைப் பற்றவைத்தால் சுடர் சோம்பலாக எழும். பர்னரில் குற்றமில்லை. அடிக்குழாய்க்குள் சிலந்தி வலை. சர்ரென்று காற்று போக வேண்டிய வழியில் அது திரை கட்டிவிடுகிறது. உலகப் புகழ் பெற்ற உதாரணமும் உண்டு: 2011இல் மாஸ்டா நிறுவனம், எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் சிலந்திகள் வலை கட்டுகின்றன என்று வட அமெரிக்காவில் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. கார் கம்பெனியே கலங்கிய பூச்சியைக் குமுளி வீடுகள் ஒரு விளக்குமாற்று ஈர்க்கால் எதிர்கொள்கின்றன.

மைய முரண்

இனி இவ்வாய்வின் கருதுகோள். கேஸ் அடுப்பைத் துடைக்காத வீடு குமுளியில் இல்லை. ஸ்டீல் மேல்தகடு முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிறது. குமிழ்கள் தினமும் துடைக்கப்படுகின்றன. சில வீடுகளில் சிலிண்டருக்குப் பூப்போட்ட உறைகூட உண்டு. துணி போவது கண் போகும் இடம்வரைதான். சுடரைத் தீர்மானிக்கும் உறுப்புகள் எல்லாம் கண் போகாத இடத்தில் இருக்கின்றன.

தீயைப் பராமரிக்கத் தெரியாத மக்களா இவர்கள்? இல்லவே இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். பறித்து வந்த பச்சைக்காயில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரம். அதைச் சுமார் 10 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். ஒரு பக்கம் அடுப்பு எரியும். அதன் சூட்டை இரும்புப் பைப்பு ஸ்டோருக்குள் சுற்றிக் கொண்டுபோய்ப் புகையை மட்டும் வெளியே தள்ளும். உள்ளே 45 டிகிரியிலிருந்து 60க்குள் சூட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். கூடினால் காய் வெடிக்கும், நிறம் போகும். பைப்பில் ஓட்டை விழுந்து புகை கசிந்தால் காயில் மணம் ஏறிவிடும். அதற்காக ராத்திரி முழுக்க ஆள் முழித்திருப்பான். ஆடியில் பறிப்பு தொடங்கும் முன்பே பைப்பைக் கழற்றி, கரியைத் தட்டி, ஒட்டுப்போட்டு வைத்துவிடுவார்கள். புகைக்கரியின் நடத்தை பற்றி இவர்களுக்குத் தெரியாதது ஃபாரடேவுக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட ஒரு ஸ்டோர்க்காரர் வீட்டில்தான் இக்கட்டுரையாளர் தம் வாழ்நாளின் மிக மஞ்சளான சுடரைக் கண்டார். காய் மஞ்சளித்தால் வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருக்கும். சுடர் மஞ்சளித்ததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காரணம் விளங்க நேரம் ஆகவில்லை. காய் புற்றடி ஏல மையத்துக்குப் போகிறது; போடிக்கும் போகிறது. அங்கே அதைக் கையில் உருட்டிப் பார்த்து, 8 மில்லிமீட்டரா, பச்சை நிற்கிறதா என்று எடைபோட்டு, கண்முன்னே விலை சொல்கிறார்கள். சாம்பார் ஏலத்துக்குப் போவதில்லை. அது போகும் இடத்தில் விலை கேட்பாரில்லை. “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்பதோடு மதிப்பீடு முடிந்துவிடும். புற்றடியில் வாரம் ஒரு நாள் பாத்திர அடிகளைத் திருப்பி வைத்துத் தரம் பிரித்தால் ஏலமலை முழுதும் மூன்றே வாரத்தில் நீலமாகிவிடும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மெக்கானிக் பார்வை

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர் என்று கூவி வருபவர்களே இத்துறையின் உண்மையான அறிஞர்கள். அவர்களில் ஒருவர் அடுப்பைக் கவிழ்த்ததும் ஒரு வெந்தயம், இரண்டு கடுகு, ஒரு கரப்பான், ஒரு தோட்டின் திருகாணி விழுந்தன. “அக்கா, மேல துடைக்கிறதுல பாதி உள்ள துடைச்சிருந்தா நான் இந்த மலை ஏறவே வேணாம்” என்றார். திருகாணி கிடைத்த மகிழ்ச்சியில் அந்த வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் கையாண்ட ஒழுங்கு பதிவுக்குரியது. முதலில் ரெகுலேட்டரை மூடினார். பர்னர் ஆறும்வரை பீடி பற்றவைக்காமல் காத்திருந்தார். ஆரஞ்சு டியூப்பின் மேல் அச்சான ஆண்டைப் படித்தார். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்வாராம். கசிவு பார்க்க இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். தீக்குச்சியால் கசிவு பார்க்கும் முறையைச் சேர்ந்தவர்கள் இவ்வாய்வுக்குப் பேட்டி கொடுக்கும் நிலையில் கிடைக்கவில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அது நாறட்டும் என்றே அதில் எத்தில் மெர்காப்டான் கலந்திருக்கிறது. கசிந்தால் 1906க்குப் போன் செய்யலாம். விளையாட்டை விட்டு ஒரு வார்த்தை: மார்கழியில் ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு மஞ்சள் சுடரில் சமைப்பது நல்லதல்ல. அரைகுறையாக எரிவதில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

கலப்புக் குடும்பத் தேற்றம்

பர்னரைக் கழற்றிக் கழுவும் நாள் எது என்று கேட்டபோது, மலையாள வீடுகள் ஓணத்துக்கு முன் என்றன. தமிழ் வீடுகள் பொங்கலுக்கு முன் என்றன. ஆவணிக்கும் தைக்கும் இடையே ஐந்து மாதம். அப்பா கம்பம், அம்மா கட்டப்பனை என்றிருக்கும் வீடுகளில் இரண்டும் நடக்கிறது. ஆளுக்கொரு பண்டிகை என்பதால் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. மாமியார் வழி கிறிஸ்துமஸும் சேர்ந்த ஒரு வீட்டில் சுடர் அப்படியொரு நீலம். குமுளியின் மிகச் சிறந்த பர்னர்கள் எல்லை தாண்டிய கல்யாணங்களில் எரிகின்றன என்பதே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு.

ஆகவே சம்பந்தம் பேச வருகிறவர்கள் பஜ்ஜியின் பொன்னிறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்ட வேண்டாம். பஜ்ஜி பொரித்த சட்டியின் அடியையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். பெண் வீட்டார், மாப்பிள்ளை கையில் ஒரு பர்னரைக் கொடுத்துக் கழுவி, உலர்த்தி, திரும்ப மாட்டச் சொல்லலாம். பெரிய பர்னரைச் சின்னதன் இடத்தில் வைத்து அழுத்துகிறவராக இருந்தால் தை மாத முகூர்த்தம்வரை தள்ளிப்போடுவது உத்தமம்.