பதநீரின் ஆயுளும் குடும்பத்தின் புறப்பாடும்

பண்டிகையை ஒட்டிவரும் ஓய்வு நாட்களில் குடும்பத்தோடு வண்டியேறிச் சென்று, ஒரு பானம் பிறக்கும் இடத்திலேயே அதை வாங்கிப் பருகிவிட்டுத் திரும்புதல் என்னும் அனுஷ்டானம், மேல்நாடுகளில் திராட்சைத் தோட்டங்களை முன்னிட்டு நெடுங்காலமாக நடைபெற்றுவருகிறது என்பதும், நம் தேசத்திலும் நாசிக் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அது வேர்பிடித்துவிட்டது என்பதும் பலரும் அறிந்தவை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை குலைகுலையாய் விளைந்தபோதிலும், பெரும்பாலும் அது கூடையேறிச் சந்தைக்குப் போய்விடுகிறபடியால், தமிழ்நாட்டில் அவ்வனுஷ்டானத்துக்கு உரிய பானம் பதநீரே என்று கொள்ளத் தடையில்லை. அவ்வாறாயின், பனைமரத்துக்குப் பஞ்சமில்லாத செங்கற்பட்டுக் கடற்கரைப் பிரதேசத்தில் பதநீர் யாத்திரை என ஒன்று ஏன் தழைக்கவில்லை? இவ்வினாவுக்கு விடை காணும்பொருட்டு, சோபகிருது வருஷம் சித்திரை மாதத்து முதல் மூன்று நாட்களில், அதாவது 2023 ஏப்ரல் 14, 15, 16 ஆகிய தேதிகளில், சிறுசேரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தளத்தை ஆராய்ச்சி நிலையமாகவும், என் மனைவியின் குடும்பத்தாரை ஆராய்ச்சிப் பொருளாகவும் கொண்டு நான் நடத்திய விசாரணையின் விவரம் பின்வருமாறு.

முதலில் பூர்வபட்சம். பனை அருகிவிட்டது, பனையேறிகள் அருகிவிட்டார்கள், இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பதநீரின் வாடை பிடிப்பதில்லை என்று மூன்று காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் சொல்கிறவர்கள் எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழுகிறவர்கள் என்பதை எவரும் விசாரிப்பதில்லை. என் சித்தாந்தம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பதநீரின் சுபாவத்தை அறிந்தாலன்றி இது விளங்காது. பனையின் பாளையை இறுக்கிக் கட்டி, நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவிவரச் சொட்டும் சாறு, சர்க்கரை நிறைந்ததாகையால், காற்றிலும் கலயத்திலும் பாளையிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதன்மேல் அப்பொழுதே குடியேறி, சில மணி நேரத்துக்குள் அதைக் கள்ளாக்கத் தலைப்பட்டுவிடுகின்றன. அதைத் தடுப்பதற்காகவே பனையேறி கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார். ஆகவே பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள பேதம் மரத்தைப் பற்றியதன்று, மனிதனின் குணத்தைப் பற்றியதுமன்று. ஒரு விரல் சுண்ணாம்பைப் பற்றியது. அச்சுண்ணாம்பும் காவல்காரனேயன்றிக் கடவுளில்லையாதலால், வெயில் ஏற ஏற அதன் அதிகாரம் தளர்ந்து, விடியற்காலையில் தேனாக இருந்தது உச்சிப்பொழுதுக்குள் முகம் சுளிக்க வைக்கிறது. பதநீர் காத்திருப்பதில்லை. தன்னைக் குடிக்க வருகிறவன் மாப்பிள்ளையா, மாவட்ட ஆட்சியரா என்று அது பார்ப்பதுமில்லை.

திராட்சை மதுவின் சுபாவமோ இதற்கு நேர் விரோதம். அதில் நுண்ணுயிர்கள் தங்கள் வேலையை முடித்து ஓய்ந்த பிறகே பீப்பாயும் புட்டியும் மூடப்படுகின்றனவாதலின், அது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பொறுமையாகக் கிடக்கும். இதற்குச் சாட்சி தேடிப் பிரெஞ்சு தேசம் போகவேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் தொல்லியல் துறையார் அகழ்ந்தபோது, யவனர் மதுவும் எண்ணெயும் ஏற்றி வந்த ஆம்போரா என்னும் இருகைச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொணர்ந்த மதுவைப் பற்றி நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டிலும் பேச்சு உண்டு. பருவக்காற்றை எதிர்நோக்கித் துறைமுகங்களில் நாட்கணக்கில் தங்கி, செங்கடலையும் அரபிக்கடலையும் கடந்து, அப்படியும் குடிக்கத் தக்கதாக வந்து சேர்ந்த அந்தப் பானத்தையும், கேளம்பாக்கம் சந்திப்பின் சிவப்பு விளக்கைக்கூடப் பொறுக்கமாட்டாத நம் பானத்தையும் ஒப்புநோக்குவோர்க்கு ஒன்று புலப்படும்: மேல்நாட்டார் குடும்பத்தோடு மது யாத்திரை போவது அவர்களுடைய ரசனையின் சிறப்பினாலன்று, அவர்கள் எத்தனை தாமதமாகப் போனாலும் பானம் அங்கே இருக்கும் என்ற நிச்சயத்தினால்.

இதற்கு மாறான பிரமாணமாக மகேந்திரவர்ம பல்லவனின் மத்தவிலாசப் பிரகசனத்தை எடுத்துக்காட்டி, ஏழாம் நூற்றாண்டிலேயே இப்பிரதேசத்தார் பானம் தேடித் தெருத்தெருவாய்ச் சுற்றியிருக்கிறார்களே என்று ஆட்சேபிக்கக்கூடும். அந்நாடகத்தில் காஞ்சி மாநகரில் மதுக்கடைக்குப் போகும் காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் மதுக்கடையை யாகசாலைக்கு நிகராகக் கண்டு வியப்பதும், கபாலத்தை நாய் கவ்விக்கொண்டு போனதறியாமல் கண்டவரோடெல்லாம் வழக்காடுவதும் மெய்யே. ஆயினும் அவர்கள் இருவரே புறப்பட்டார்கள் என்பதும், உடன் மாமனார், மாமியார், மைத்துனர், இரண்டு குழந்தைகள், ஒரு பால்புட்டிப் பை ஆகியவை செல்லவில்லை என்பதும் கருதத்தக்கன. அவை சென்றிருந்தால் அந்நாடகம் மதுக்கடையை எட்டும் முன்பே முடிந்திருக்கும்.

இனி அனுபவப் பிரமாணம். வருஷப் பிறப்பான வெள்ளியன்று பூஜையும் வேப்பம்பூப் பச்சடியும் வடையும் பாயசமும் ஆனபின், உண்ட மயக்கத்தில் எல்லாரும் பெருந்தன்மையோடிருந்த வேளையில், மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதநீர் குடிக்கப் புறப்படுவதென ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. தீர்மானத்தை முன்மொழிந்தவர் என் மாமனார்; உடன்குடிப் பக்கத்துக்காரராகையால் பதநீரைப் ‘பயினி’ என்றே சொல்வார். வழிமொழிந்தவர் கலிபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர். நாபா பள்ளத்தாக்கில் ஒரு டிசம்பர் முழுவதும் தோட்டந்தோட்டமாய்ச் சுவைத்துத் திரிந்ததன் பயனாக, எதையும் கண்ணாடிக் குவளையில் சுழற்றி முகராமல் குடிப்பதில்லை என்னும் விரதம் பூண்டவர்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மாமனார் ஒருவரே செருப்பணிந்து வாசலில் நின்றார். ஏழுக்குக் காப்பி. எட்டுக்கு, போகிற இடத்தில் என்ன கிடைக்குமோ என்ற தீர்க்கதரிசனத்தோடு இட்லி. எட்டரைக்குச் சின்னவனின் ஒரு காலணி காணாமற்போயிற்று. அது அகப்பட்டபோது மணி எட்டு ஐம்பத்தைந்து; மின்தூக்கி ஒன்பதாம் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது. சனிக்கிழமைகளில் ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம் என்பதை நாட்காட்டியைப் பாராமலே சொல்ல வல்லவர் என் மாமியார். “ஒன்றரை மணி நேரத்தில் பதநீர் எங்கே ஓடிப்போகும்?” என்று அவர் கேட்டார். பதநீர் ஓடிப்போவது சரியாக அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் என்பதை எடுத்துரைக்கும் துணிவு மருமகனாகிய எனக்கு இருக்கவில்லை.

பத்து முப்பத்தொன்றுக்குப் புறப்பட்டோம். கேளம்பாக்கத்தில் திரும்பி, உப்பளங்களினூடே கோவளம் வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கினால், இருமருங்கிலும் பதநீர், நுங்கு, இளநீர் என்று எழுதிய அட்டைகள் தொங்கத்தான் செய்தன. அங்கே இரண்டாவது தத்துவம் ஒன்று வெளிப்பட்டது: குடும்பம் என்பது கண்ட முதற்கடையில் நிற்காது. முதற்கடை வலப்புறம் இருந்தது, இரண்டாவதில் ஈ, மூன்றாவதில் ஒருவருமில்லையாதலால் ஐயம், நான்காவதில் கூட்டமாதலால் அலுப்பு. திருவிடந்தைப் பெருமாளுக்கு வண்டிக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதலைப் பண்ணையைக் காட்டச் சொல்லி அழுத பிள்ளைகளைத் திரும்புகாலில் காட்டுவதாக ஏய்த்துவிட்டு, ஒருவழியாக ஒரு குடையின் கீழ் நின்றபோது மணி பதினொன்றே முக்கால். பிளாஸ்டிக் குடத்தில் ஐஸ் கட்டி மிதந்துகொண்டிருந்தது. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையை மெல்லக் கீழே வைத்தார்.

“இது பயினி இல்ல மாப்ள. சீனித் தண்ணி.”

மைத்துனரோ குவளையைச் சுழற்றினார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டார். பிறகு, சுண்ணாம்பு வாடை சற்றே தூக்கலாக இருக்கிறது என்றும், அது குறைந்தால் பானம் இன்னும் மலரும் என்றும் தீர்ப்பளித்தார். இவ்விடத்தில் ஒன்று சொல்லியாகவேண்டும். பர்கண்டிப் பிரதேசத்துச் சாப்ளி என்னும் ஊரின் வெண்மதுவைப் புகழ்கிறவர்கள், அங்குள்ள திராட்சைக் கொடிகள் தொல்கடலின் சிப்பிகள் புதைந்த சுண்ணாம்பு மண்ணில் நிற்பதை வாய் ஓயாமல் சொல்வார்கள். அம்மண்ணின் ருசி மதுவில் இறங்கியிருப்பதாகக் கண்மூடி அனுபவிப்பதற்குப் பணமும் கொடுப்பார்கள். நம் பனையேறியோ, கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நேரே கலயத்திலேயே தடவித் தருகிறார். சிப்பி பூமிக்கடியில் இருந்தால் மகிமை, கலயத்துக்குள் இருந்தால் வாடை என்பது என்ன நியாயம் என்று மைத்துனரைக் கேட்டேன். மண் வேறு, மருந்து வேறு என்றார். யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

மாமல்லபுரத்தில் ஆளுக்கு ஓர் இளநீர் குடித்தோம். இளநீர் தன் ஓட்டுக்குள்ளேயே பூட்டிக்கொண்டு, எந்தக் குடும்பம் எந்த ராகு காலம் கழிந்து வந்தாலும் அரிவாள் விழும் வரை அசையாமல் இருப்பதால், கடற்கரைச் சாலை நெடுகிலும் அதன் ராஜ்யமே நடப்பதில் விந்தையில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை நாலரைக்குத்தான். ஆகவே கிரகங்களின் ஆட்சேபணை ஏதுமில்லாமலே நாங்கள் ஒன்பது மணி வரை உறங்கினோம். இதனிடையே, எவரிடமும் சொல்லாமல் நாலேமுக்காலுக்கு என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாமனார் திருப்போரூர்ப் பக்கம் போயிருக்கிறார். பனங்காட்டில் மறைந்துகிடந்த முருகனைச் சிதம்பர சுவாமிகள் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்று தலவரலாறு சொல்லும் ஊர் அது. பனையிருக்கும் இடம் விசாரிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இராது என்பது அவர் அனுமானம். அனுமானம் பலித்தது. ஏறிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்து, மரத்தடியிலேயே ஓலைப் பட்டையில் இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டிலுள்ளோர்க்கென்று தூக்குவாளி நிறைய வாங்கியிருக்கிறார். வாங்கும்போது, பிள்ளைக்கு வாடை ஆகாது என்ற தந்தைப் பாசத்தால், சுண்ணாம்பு குறைவாகத் தடவிய கலயமாகப் பார்த்துக் கேட்டு வாங்கியதுதான் இவ்வாராய்ச்சியின் திருப்புமுனை. ஆறரைக்கு வந்து சமையலறை மேடையில் வைத்தவர், பயினியைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது பாவம் என்ற கொள்கையினராதலால் அப்படியே மூடிவைத்துவிட்டு, பிள்ளைகள் தானாக எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்.

பத்து மணிக்கு மூடியைத் திறந்தபோது உஸ் என்றொரு சத்தம். உள்ளே நுரை பொங்கி நின்றது. மைத்துனர் முதன்முறையாகச் சுழற்றாமலே முகர்ந்துவிட்டு, “அப்பா, இப்போதுதான் இதற்கு உயிர் வந்திருக்கிறது” என்றார். உயிர் வந்ததே தொல்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய 1937-இன் சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. பதநீருக்கு அனுமதியுண்டு, கள்ளுக்கு இல்லை. சுண்ணாம்பு போதாமையாலும், நாங்கள் இரண்டரை மணி நேரம் கூடுதலாக உறங்கியமையாலும், மாமியாரின் சமையலறையில் ஒரு குற்றம் தானாகவே நிகழ்ந்துகொண்டிருந்தது.

“அப்பமே எழுப்பியிருக்கலாம்ல?” என்றார் மாமியார்.

“சின்னப் பிள்ளைங்க தூங்குதுன்னு பார்த்தேன்” என்றார் மாமனார்.

மாமியார் மேற்கொண்டு விவாதிக்கவில்லை. அரிசியை ஊறப்போட்டார், பிற்பகலில் அதைத் தேங்காய்த் துருவலோடு அரைத்து, தூக்குவாளியிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றிக் கலந்து மூடினார், மிச்சத்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது. ஓரம் முறுகி, நடுவில் பஞ்சாய் எழும்பிய முதல் ஆப்பத்தை மாமனாரின் தட்டில் வைத்தார்கள். அவர் தேங்காய்ப்பாலைத் தொடவில்லை. ஒரு விள்ளல் பிட்டு, விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மைத்துனரைப் பார்த்துக்கொண்டே அதை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் முகர்ந்தார்.