பாஸ்போர்ட் மாமாவும் பரிசல் துறையும்

பென்னாகரம் தாண்டி மலைப்பாதை வளையத் தொடங்கியதும் வேனுக்குள் ஒருவர் எழுந்து, டிரைவர் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி நின்றால், அவர்தான் பாஸ்போர்ட் மாமா. ஒகேனக்கல்லுக்குக் கிளம்பும் குடும்ப வேன் எதுவானாலும் அதில் இவர் ஒருவர் இருப்பார். ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு, வெளிநாட்டில் ஒரு மகள் அல்லது மகன், கழுத்தில் தொங்கும் நைலான் பை. இந்த மூன்றும் பொருந்தினால் ஆளை உறுதி செய்துகொள்ளலாம்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கவனிங்க. நாம போறது பார்டர் ஏரியா. அக்கரை கர்நாடகா. ஐ.டி. ஒரிஜினல் ஒண்ணு, ஜெராக்ஸ் ரெண்டு, போன்ல ஒரு போட்டோ. ஒரிஜினலும் ஜெராக்ஸும் ஒரே பையில இருக்கக் கூடாது. பையே தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"ஏம்ப்பா, அருவியில குளிக்கிறதுக்கா?" என்று பின்சீட்டிலிருந்து பெரியம்மா கேட்பார். மாமா பதில் சொல்ல மாட்டார். குடியேற்ற அதிகாரிகள் கேள்வி கேட்பார்களே தவிர, யார் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை என்பதைச் சாங்கி விமான நிலையத்தில் கண்ணால் பார்த்தவர் அவர்.

மாமாவை வாய்ச்சொல் வீரர் என்று ஒதுக்கவும் முடியாது. அவர் சொல்வது அத்தனையும் உண்மை, தொல்லையே அதுதான். பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது ஆயுள் பாக்கி இருந்தால்தான் பல நாடுகள் உள்ளே விடும். சிங்கப்பூருக்கு விசா வாங்கினால் மட்டும் போதாது. இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அங்கே 1992 முதல் சூயிங்கம் விற்கத் தடை. வியட்நாமுக்கு ஒருமுறை நுழைய மின் விசா 25 டாலர். 2023 ஆகஸ்டிலிருந்து அதில் 90 நாள் வரை தங்கலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். ஜப்பானில் சர்வருக்கு டிப்ஸ் வைக்கும் வழக்கமில்லை. தாய்லாந்தில் குழந்தை அழகாக இருக்கிறதே என்று தலையைத் தடவக் கூடாது. இவ்வளவும் மாமாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மகள் டிக்கெட் எடுத்தால்தானே வெளிநாடு? மீதி நாளெல்லாம் அந்த அறிவு வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆகவே ஒகேனக்கல்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே சுங்கச் சோதனை நடந்துவிடும். அத்தை கட்டிவைத்த பைகளை மாமா ஒவ்வொன்றாகப் பிரிப்பார். மசாலாப் பையில் கசகசா அகப்பட்டால் தீர்ந்தது. "துபாய் ஏர்போர்ட்ல இதோட மாட்டினா ஜெயில், தெரியுமா?" என்பார். அதுவும் நிஜம்தான், ஐக்கிய அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், நம் வீட்டுக் குருமாவுக்கு அங்கே போதைப்பொருள் சட்டம். "தருமபுரியில ஏர்போர்ட் எங்கங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு அத்தை பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைப்பார். அடுத்து கொப்பரை, எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்கும், விமானத்தில் ஆகாது. எலுமிச்சை ஊறுகாய், குழம்பாக இருப்பதால் அது திரவம். கடைசியில் நல்லெண்ணெய். விமானத்தில் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்பதால், அத்தையின் லிட்டர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு பழைய இருமல் மருந்துக் குப்பியில் 100 மில்லி அளந்து ஊற்றிக்கொள்வார்.

இத்தனை யோசித்த மாமா யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. விடுதி வரவேற்பறையில் அது வெளிப்படும். "எட்டாயிரம் வருதுங்க இன்னிக்கு. நேத்து பன்னெண்டு இருந்துச்சு" என்று பையன் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருப்பான். மாமாவுக்கு ரத்தம் கொதிக்கும். "ஒரு ராத்திரிக்கு எட்டாயிரமா? சைகோன்ல ஏ.சி. ரூமே மூவாயிரம்தான்!"

"ரூம் இல்லீங்க சார், தண்ணி."

ஒகேனக்கல்லுக்கு உண்மையிலேயே விசா உண்டு, அதைக் கொடுப்பது காவிரி. கர்நாடகத்தில் கபினி நிரம்பி, கிருஷ்ணராஜ சாகர் தன் முழு அளவான 124.80 அடியை எட்டி, உபரியைத் திறந்துவிட்டார்கள் என்றால் அந்தத் தண்ணீர் எல்லையில் பிலிகுண்டுலுவுக்கு வந்து சேரும். மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்று சொன்ன 177.25 டி.எம்.சி.க்கும் கணக்கு அங்கேதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆறே அளந்து வரும் இடம் அது. கன அடி ஏறினால் பரிசலுக்குத் தடை, இன்னும் ஏறினால் குளிக்கவும் தடை என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும். லட்சத்தைத் தாண்டும் நாட்களில் ஐந்தருவி இருந்த சுவடே தெரியாது, பாறையும் படியும் தண்ணீருக்கு அடியில் போய்விடும். இந்த விசாவுக்கு விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, தத்கல் இல்லை. ஊரே கூடுகிற ஆடிப் பதினெட்டுக்கே தடை விழுந்த வருஷங்கள் உண்டு. அதனால் இங்கே டீக்கடையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதல் விசாரிப்பே தண்ணீர்தான், குடும்ப நலமெல்லாம் பிறகு.

எட்டாயிரம் என்பது நல்ல செய்தி என்று புரிந்ததும் மாமா சமாதானமாகி, கழுத்துப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, குடியேற்ற மேடையின் முறைப்படி உறையைக் கழற்றி, போட்டோ பக்கத்தை விரித்து நீட்டுவார். பையன் முன்னும் பின்னும் புரட்டுவான்.

"ஆதார் இல்லீங்களா சார்?"

"தம்பி, இது அதைவிட ஒசத்தி. நூறு நாட்டுல செல்லும்."

"சரிங்க சார். ஓனருக்கு ஆதார்தான் தெரியும்."

அத்தை மணிபர்ஸிலிருந்து ஆதார் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்வார். நான் பார்த்தவரை எந்தப் பாஸ்போர்ட் மாமாவும் ஒரு அத்தை இல்லாமல் ஒரு ஊருக்குள்ளும் நுழைந்ததில்லை.

எந்தப் பலகையிலும் எழுதாத வழக்கம் ஒன்று ஒகேனக்கல்லுக்கு இருக்கிறது. மீனை நாமே பார்த்து வாங்க வேண்டும். கட்லாவோ ரோகுவோ ஜிலேபியோ, செதில் எடுத்துத் துண்டு போட்டு வாங்கி, எண்ணெய், மிளகாய்த்தூள், புளி, அரிசி எல்லாம் கடையில் வாங்கி, அடுப்பு வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிட வேண்டும். சமையல் கூலி தனி. பாதி குழம்பு, பாதி வறுவல் என்று சொல்லிவிட்டுப் போனால், குளித்துப் பசியோடு திரும்பும்போது சோறு தயாராக இருக்கும். ரசீது, டோக்கன் எதுவும் கிடையாது. ஒரே நேரத்தில் ஏழெட்டுக் குடும்பத்து மீன் அந்த அக்காவின் பொறுப்பில் இருக்கும். ஒரு தலை மாறாது.

முன்பின் தெரியாதவர் கையில் சாமானைக் கொடுக்காதீர்கள் என்று விமான நிலைய ஒலிபெருக்கி சொல்லிக் கேட்டு வளர்ந்த மாமாவால் இதை எப்படித் தாங்க முடியும்? போனை எடுத்து மீனைப் படம் பிடிப்பார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

"மீனுக்கு எதுக்குண்ணா போட்டோ? ரேஷன் கார்டுல சேர்க்கப் போறீங்களா?" என்பார் அக்கா.

மாமா அசர மாட்டார். தண்ணீர் குடத்தைத் திறந்து பார்த்து, பாட்டில் தண்ணீரில்தான் சமைக்க வேண்டும் என்பார். வழியில் தருமபுரி டீக்கடையிலும் இதே கதைதான், டம்ளரைத் தொடவில்லை. அந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பல்லில் கறை படியும் என்பது பழைய கவலை. அதைத் தீர்க்கத்தான் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தில் கடன் வாங்கி, இதே காவிரியிலிருந்து தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் குடிநீர் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013இல் தொடங்கினார்கள். டோக்கியோவில் குழாயைத் திருகிக் குடித்த மாமா, ஜப்பான் கடனில் வந்த தண்ணீரைத் தருமபுரியில் குடிக்க மறுக்கிறார். ஜப்பான்காரர்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள்.

பரிசல் துறையில் மாமாவின் கொடி இறங்கும். இறங்குவதற்கு முன் ஒருமுறை உயரப் பறக்கும். "வியட்நாம்ல ஹோய் ஆன்னு ஒரு ஊர். அங்கயும் இதே கூடைப் படகுதான். பாட்டைப் போட்டுக்கிட்டுச் சுத்துவான் பாரு" என்று ஆரம்பிப்பார். பரிசல்காரர் லைஃப் ஜாக்கெட்டை அவர் தலை வழியாக மாட்டி, வாரை இழுத்துக் கட்டுவார். அத்தோடு பேச்சு நிற்கும், மூச்சுக்கே இடம் போதாது. அடுத்தது இருக்கை ஒதுக்கீடு. பரிசலில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் குடும்பத் தலைவர் முடிவு செய்வதில்லை. பரிசல்காரர் ஆளைக் கண்ணாலேயே எடை போடுவார். "அண்ணா நீங்க இந்தாண்ட. அக்கா அந்தாண்ட. ஒல்லியா இருக்கிற தம்பி அண்ணா பக்கத்துல வாங்க." வயதுக்கும் பதவிக்கும் இங்கே மரியாதை இல்லை, எடைக்கு மட்டும் உண்டு. அந்தக் கணக்கு தப்பினால் மூங்கில் வட்டம் ஒரு பக்கமாகச் சாயும் என்பதால் யாரும் மறு பேச்சுப் பேசுவதில்லை.

இருபுறமும் பாறைச் சுவர் எழும்பி நிற்க, நடுவில் பரிசல் போகும். ஒரு இடத்தில் துடுப்பை ஒரே பக்கம் போட்டுச் சுழற்றுவார். மாமா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பது கந்த சஷ்டியா, தூதரக அவசர எண்ணா என்று தெரியாது. சுழல் நிற்கும்போது எதிரே இன்னொரு பரிசல் வந்து ஒட்டும். அதில் சிப்ஸ் பாக்கெட், கூல் டிரிங்க்ஸ், வெள்ளரிக்காய். ஆற்றுக்கு நடுவே கடை.

"ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுல இருக்கே, இது டூட்டி ஃப்ரீயா?" என்பார் மாமா, கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக.

"ஃப்ரீ எல்லாம் கிடையாதுங்க. சிப்ஸ் இருவது ரூபா."

மிச்சம் இருப்பது எண்ணெய்க் குளியல். ஜப்பான் வெந்நீர் ஊற்றில் முதலில் உடம்பைக் கழுவ வேண்டும், பிறகுதான் இறங்க வேண்டும், அதுவும் பிறந்த மேனிக்கு என்று மாமா விளக்கிக்கொண்டே பாறையில் உட்காருவார். ஒகேனக்கல் முறை நேர்மாறு. முதலில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய், பிறகு அருவியின் கீழ் தலை. நடுவில் மாலிஷ்காரரின் கை. அந்தக் கை கழுத்தில் இறங்கும் தோரணையைப் பார்த்தால், சப்பாத்தி மாவுக்கு நாம் இதுவரை செய்த கொடுமையெல்லாம் நினைவுக்கு வரும்.

மாமா இருமல் மருந்துக் குப்பியை நீட்டுவார். மாலிஷ்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது எதுக்கு சார், காதுக்கு ஊத்தவா?" தன் பாட்டிலைத் திறப்பார். "அந்தப் பையைக் கழட்டி வைங்க."

"முடியாது. பாஸ்போர்ட் உடம்பை விட்டுப் பிரியக் கூடாது."

"அம்மாகிட்ட குடுங்க சார்."

அத்தை அதற்குள் பெண்கள் குளிக்கும் பக்கம் போயிருப்பார். மாமா பையை முதுகுக்குத் தள்ளுவார். முதுகுக்கு எண்ணெய் வரும்போது மார்புக்கு இழுப்பார். மார்புக்கு வரும்போது தோளுக்கு. மாலிஷ்காரரும் தொழில் தெரிந்தவர். பை போன இடத்துக்கெல்லாம் கையும் போகும். தட்டல், பிசையல், முறுக்கல், சொடக்கு எல்லாம் முடிந்து மாமா எழுந்து நிற்கும்போது நைலான் பை நன்றாக ஊறியிருக்கும். உள்ளே பாஸ்போர்ட் கண்ணாடி ஆகியிருக்கும். மலேசிய முத்திரை வழியாக வியட்நாம் முத்திரை தெரியும்.

மாமாவின் முகத்தில் அருவித் தண்ணீர் இன்னும் படவில்லை, ஆனாலும் ஈரமாக இருக்கும். "இது டேமேஜ் கேஸ். ரீஇஷ்யூ போடணும். பழைய நம்பர் போயிடும். விசாரணை வரும்" என்று பாறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாலிஷ்காரர் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார்.

"எண்ணெய்தானே சார், இதுக்கா இவ்ளோ பயம்? கடையில சீயக்காய் பாக்கெட் இருக்கு, போட்டுத் தேய்ங்க, போயிரும். ஷாம்பூ மட்டும் வேணாம். எழுத்து கொட்டிரும்."