அரை இயற்கை மாமா

உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரை எந்த ஊர் டீக்கடை பெஞ்சிலும் இவரைப் பார்க்கலாம். தோளில் துண்டு, வாயைத் திறந்தால் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார். "மண்ணு செத்துப்போச்சு மாப்ளே" என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவரின் டீ ஆறிவிடும். யூரியாவைத் திட்டித் தீர்த்த வேகத்தில் காசு கொடுக்க மறந்து எழுந்துவிடுவார்.

எழுந்தவர் நேரே போவது உரக்கடைக்கு. வாங்கிய ரெண்டு மூட்டை யூரியாவின் மேல் புண்ணாக்குச் சாக்கைப் போர்த்தித்தான் வண்டியை எடுப்பார்.

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து. ஏறக்குறைய 21 கிலோ. தொழு உரத்தில் நூறு கிலோவுக்கு அரை கிலோதான் தேறும். அதே தழைச்சத்துக்கு நாலு டன்னுக்கு மேல் குப்பை அடிக்க வேண்டும். மூட்டையின் மானிய விலை 266 ரூபாய் 50 காசு. குப்பைக்கோ டிராக்டர் வாடகை, இறைக்கக் கூலி என்று அவர் விரல்விட்டு எண்ணுவதற்குள் அந்தக் காசைத் தாண்டிவிடும்.

ஆனாலும் மண்ணைப் பொலபொலவென்று வைக்க மூட்டையால் ஆகாது என்று தெரிந்தவர். அறுப்பு முடிந்ததும் மலைமாட்டுக் கிடை போடுவார். மந்தை ராத்திரி வயலில் படுத்து எழுந்தால் சாணமும் மூத்திரமும் அள்ளுகூலி இல்லாமல் நிலத்தில் சேரும். அப்போதும் ராத்திரியே டார்ச்சுடன் போய் மாடுகளை எண்ணிவிட்டுத்தான் கிடைக்காரரிடம் பணம் பேசுவார்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மாமாவின் பஞ்சகவ்ய டிரம் ரோட்டோரத் திராட்சைப் பந்தலுக்கு இடம் மாறிவிட்டது. குமுளி போகும் சுற்றுலா வண்டி நின்றால் மூடியைத் திறப்பார். "சாணி, கோமியம், பால், தயிர், நெய். பத்து லிட்டர் தண்ணிக்கு முந்நூறு மில்லி!" வாடைக்கே பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். டிரம்முக்குப் பின்னால் பொட்டாஷ் மூட்டை சாய்ந்திருக்கும்.

கிணற்றடியில் மட்டும் நாலு பாத்தி கத்தரி, வெண்டை. அங்கே குப்பையைத் தவிர எதுவும் போடக்கூடாது. "அது நாம திங்கிறதுக்குப்பா" என்று அத்தை போட்டு உடைத்துவிடுவார்.

2021இல் இஃப்கோவின் நானோ யூரியா அரை லிட்டர் பாட்டிலில் வந்தது. மாமா அதை வாங்கி இயற்கை உரமான அமிர்தக் கரைசல் குடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"என்ன மாமா, யூரியாவா?"

"தண்ணியாத்தானே மாப்ளே இருக்கு? இதுவும் ஒரு கரைசல்."