மூடி எங்கே?

கே: ஆவின் பால் கவரைக் கழுவிக் காயப்போட்டால் மருமகள் சிரிக்கிறாள். நான் கஞ்சமா, சிக்கனமா?
– ஒரு மாமியார், செவ்வாப்பேட்டை

ப: கவரைப் பார்த்தே சொல்லலாம். கழுவினது காசாகும், கழுவாதது நாறும். உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் புட்லூர். அந்தப் பக்கம் காக்களூரில்தான் ஆவின் பால் பண்ணை. பால் வந்த தூரம் கொஞ்சம்தான். வெறுங்கவரைக் குப்பையில் எறிந்தால் அது ஏரிவரை போகும், மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும். பால் கவர் வெறும் பாலித்தீன், அதனால் உருக்கி வேறு பொருளாக்கலாம். கழுவிக் காய்ந்திருந்தால் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுப்பார். சிப்ஸ் கவரை அவர் தொடமாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடக்கும் கூட்டுக்குடும்பம் அது, பிரித்து வைக்க ஆளில்லை. இன்னொன்று: பால் கவரின் மூலையை வெட்டும்போது துண்டு தனியாக விழவேண்டாம், ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கட்டும். அந்தத் துணுக்கைப் பொறுக்க யாரும் வரமாட்டார்கள். மருமகளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்துப் பாருங்கள்.

கே: ஓட்டல் சாம்பார் வந்த டப்பாவில் மறுநாள் சூடாக ரசம் கொண்டுபோகலாமா?
– காலை வண்டிக்காரர், வேப்பம்பட்டு

ப: டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். உருக 160 டிகிரி வேண்டும், ரசத்துக்கு அவ்வளவு கோபம் வராது. ஆனாலும் ஓட்டல் டப்பா மெல்லியது, ஒருமுறைக்கென்றே செய்தது. கீறல் விழுந்தால் நேற்றைய மசாலா அங்கேயே குடியிருக்கும். எண் 1 என்றால் தண்ணீர் பாட்டில் இனம். 70, 80 டிகிரியிலேயே இளகிவிடும்; கொதிக்கிற ரசத்தை ஊற்றினால் பாட்டில் முகம் சுளிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ரசம் எவர்சில்வரில் போகட்டும். ஓட்டல் டப்பாவுக்குக் கடுகும் வெந்தயமும் போதும். காலை நெரிசலில் மூடி திறந்துகொண்டால் பக்கத்தில் நிற்பவரின் சட்டைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கே: கம்பெனியிலிருந்து வந்த பழைய நீல டிரம் மலிவாகக் கிடைத்தது. நன்றாகக் கழுவிவிட்டேன். குடிதண்ணீர் பிடிக்கலாமா?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

ப: இந்தக் கேள்விக்கு மட்டும் கிண்டல் இல்லை. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று விற்றவரால் சொல்ல முடியாவிட்டால் பிடிக்காதீர்கள். அந்த டிரம் தடித்த பிளாஸ்டிக். சில ரசாயனங்களைத் தன் சுவருக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கக்கும். சோப்பு மேற்பரப்போடு சரி. உணவுச் சரக்கு வந்த டிரம் என்பதற்கு லேபிள் இருந்தால் வேறு பேச்சு.

இதையே தலைகீழாகவும் செய்கிறோம். தெருவில் விற்கிற பினாயிலையும் ஆசிட்டையும் பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்கி மூலையில் வைக்கிறோம். தவழ்கிற குழந்தைக்கும், இருட்டில் தாகத்தோடு எழுந்த தாத்தாவுக்கும் பாட்டில் என்றால் அதில் இருப்பது தண்ணீர்தான்.

கே: பரண் நிறைய டப்பா. ஒன்றுக்கும் மூடி பொருந்தவில்லை!
– இடமில்லாதவர், திருநின்றவூர்

ப: அதைச் சேமிப்பு என்று வீட்டுக்காரரிடம் சொல்லி நம்பவைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிது. முன்பு இப்படி இல்லை. டால்டா வனஸ்பதி 1937ல் வந்தது. அந்தத் தகர டின் காலியானால் உடனே வேலைக்குப் போய்விடும்: ஒன்று அரிசிக்கு, ஒன்று துளசிக்கு, ஒன்று குளியலறைக்கு. ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலுக்குப் பருப்போ ஊறுகாயோ காத்திருக்கும். வேலை முதலில், டப்பா பிறகு. நாம்தான் டப்பாவைச் சேர்த்துவிட்டு அதற்கு வேலை தேடுகிறோம்.

1930களின் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்கப் பெண்கள் மாவு மூட்டைத் துணியில் கவுன் தைத்தார்கள். விஷயம் தெரிந்த ஆலைக்காரர்கள் பூப்போட்ட துணியிலேயே மூட்டை போட ஆரம்பித்தார்கள். நம் கம்பெனிகள் பூப்போட வேண்டாம். நெய் டப்பாவுக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் ஒரே அளவு மூடி போட்டாலே கும்பிடலாம். அதுவரை மூடியில்லாததில் கொத்தமல்லி விதையுங்கள், அடியில் ஓட்டை போட்டு.

கே: பஜ்ஜியைப் பேப்பரில் மடித்தால் என்ன? உங்கள் பதில்களையே நான் அப்படித்தான் படிக்கிறேன்.
– டீக்கடை வாசகர், திருவள்ளூர்

ப: எண்ணெய் பட்டால் என் எழுத்து பளிச்சென்று தெரிந்திருக்கும்! ஆனால் அச்சுமை வயிற்றுக்கு ஆகாது. 2016 டிசம்பரிலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது, 2018 விதிகளில் தடையே வந்துவிட்டது. வாழையிலைத் துண்டு கேளுங்கள். என்னைத் தனியாகப் படியுங்கள்.

கே: சொந்த டப்பாவோடு போனால் கடைக்காரர் முறைக்கிறார்.
– வாசகி, புட்லூர்

ப: 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டம், முறைக்கிற உரிமை உங்களுக்குத்தான் அதிகம். காலி டப்பாவை முதலில் தராசில் வைத்து எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். அப்போது இன்னும் முறைப்பார். கழிக்கச் சொல்லுங்கள்.

கே: மீன் வாங்க எந்த டப்பா நல்லது?
– அதே வாசகி

ப: இனி வேறெதற்குமே எடுக்கப்போவதில்லை என்று நீங்கள் சத்தியம் செய்யக்கூடிய டப்பா.