நோட்டன் பிரிட்ஜில் ஒரு குதிரை நாவல்

ஆங்கில இளையோர் இலக்கியத்தில் மட்டக்குதிரை நாவல் என்று தனியே ஒரு வகை உண்டு. கையில் காசில்லாத சிறுமி ஒருத்தி எப்படியோ ஒரு குதிரையை அடைந்து, அதைப் பழக்கி, இறுதி அத்தியாயத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளைப் போட்டியில் வெல்வதே பெரும்பாலும் அதன் கதை. 1936 இல் 'எ போனி ஃபோர் ஜீன்' எழுதிய ஜோவானா கனனின் புதல்வியரான ஜோசபின், டயானா, கிறிஸ்டீன் ஆகிய மூவரும் தாயைப் பின்பற்றி இதையே குடும்பத் தொழிலாக்கிக் கொண்டனர். எனினும் பெரும்புகழ் பெற்றது ஈனிட் பாக்னோல்ட் 1935 இல் வெளியிட்ட 'நெஷனல் வெல்வெட்' ஆகும். இந்நூலை இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜில் அமர்ந்து வாசிப்பவருக்கு எழக்கூடிய ஐயங்களை ஆய்வுலகம் இதுவரை பொருட்படுத்தியதாகத் தெரியாமையால், அக்குறையை இக்கட்டுரை இயன்றவரை நீக்க முயல்கிறது.

கதைத்தலைவி வெல்வெட் பிரவுன், இறைச்சிக் கடைக்காரரின் மகள், வயது 14. கருப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்த ஒரு குதிரை அவளுக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுகிறது. அது போதாதென்று, அயலில் வாழ்ந்த முதியவர் ஒருவர் இறப்பதற்குச் சற்று முன்னர் தம் ஐந்து குதிரைகளையும் அவள் பெயருக்கு எழுதி வைக்கிறார். ஆக, ஒரு சல்லி செலவில்லாமல் என்று சொல்லத்தக்க வகையில் ஆறு குதிரைகள் ஒரு சிறுமியை வந்தடைகின்றன. ஹட்டன் பஸ் நிலையத்தில் லொத்தர் சீட்டு வாங்கிச் சுரண்டிப் பார்த்துப் பழகிய வாசகர், அவள் பிற்பாடு இங்கிலாந்தின் மிகக் கடுமையான பந்தயமான கிராண்ட் நெஷனலை வென்றதைக்கூட நம்பிவிடுவார்; சீட்டு விழுந்ததை மட்டும் நம்பமாட்டார்.

இடவசதி பற்றிய ஐயம் இதனினும் கடுமையானது. ஒரு குதிரை மேய்வதற்கு ஓர் ஏக்கராவது வேண்டும் என்பது இங்கிலாந்தில் வழங்கும் பொதுக்கணக்கு. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். மலையக வீடமைப்புத் திட்டங்களில் ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு என்று முன்னர் பேசப்பட்ட காணியோ 7 பேர்ச்சஸ். வெல்வெட்டின் ஆறு குதிரைகளும் வயிறார மேய 960 பேர்ச்சஸ் தேவைப்படுமாதலால், அக்குதிரைகள் நோட்டன் பிரிட்ஜுக்கு வந்தால் 137 குடும்பங்களுக்குரிய காணியில் நிற்கும்; அவற்றுக்கு உறுதிப்பத்திரம் விரைவாகவே கிடைத்துவிடவும் கூடும்.

இதனால் நோட்டன் பிரிட்ஜில் குதிரையே இல்லை என்று முடிவு கட்டுவது அவசரமாகும். 1965 இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர நீர்மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரால் சுழலும் அதன் ஆற்றல் 50 மெகாவாட். பொறியியலாளர் குதிரை ஒன்றுக்கு 746 வாட் என்று கணக்கிடும் முறைப்படி இது ஏறத்தாழ 67,000 குதிரைகளுக்குச் சமம். புல் தின்னாத, சாணம் போடாத இக்குதிரைகள் கம்பி வழியே பெரும்பாலும் வெளியூருக்கே ஓடிவிடுகின்றன என்பது மட்டுமே குறை. உயிருள்ள குதிரை பார்க்க விரும்புவோர், ஏப்ரல் வசந்த காலத்தில் ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் பஸ் ஏறி, அங்குள்ள பந்தயத் திடலின் வேலியருகே இடம் பிடித்தல் வேண்டும். தேயிலைத் தோட்டத் துரைமார் குதிரையேறி மலை பார்த்த முற்காலத்தில், குதிரைக்காரர் எனப்பட்ட பராமரிப்பாளர் அக்குதிரைக்கு ஈடுகொடுத்துப் பின்னால் ஓடும் வழக்கம் இருந்தமையால், மலையகத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் உண்மையான பயிற்சி பெற்றவர் யார் என்பது விவாதத்துக்குரியதன்று. அவரைப் பற்றி ஒரு நாவலும் இல்லாதிருப்பது குதிரைகளின் குற்றமாகாது.

ஆயினும், இந்நாவல் தோட்டத்து வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நெருக்கம் குதிரையில் இல்லை, தராசில் இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் ஜொக்கி, அதாவது பந்தயக் குதிரையை ஓட்டுபவர், ஓட்டத்துக்கு முன்னர் சேணத்தோடு நிறுக்கப்படுகிறார். வென்றால் இறங்கி வந்து மீண்டும் தராசில் ஏறுகிறார். குறித்த எடைக்குக் குறைந்திருந்தால் வெற்றி பறிபோகும். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணும் மலையேறி இறங்கிய பின்னர் தராசடியில் நிற்கிறாள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் ஒரு கிலோக் கணக்கு நிறையாவிட்டால் முழுப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளத்துக்குரிய பதிவு, அரைப் பேராகிவிடும். வேறுபாடு ஒன்றே: ஜொக்கியின் எடை போதாவிட்டால் ஓட்டத்துக்கு முன்பே சேணத்தில் ஈயத் துண்டுகளைச் செருகி ஈடு செய்ய விதி இடந்தருகிறது, கொழுந்துக் கூடையிலோ தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கவே விதி உண்டு. வெல்வெட் ஆண் வேடத்தில் கிராண்ட் நெஷனல் பந்தயத்தை வென்று, களைத்து விழுந்து, மருத்துவர் கண்ணில் பெண்ணென்று வெளிப்பட்டு, வெற்றியை இழக்கும் கட்டம் இலண்டன் வாசகரைத் திடுக்கிடச் செய்திருக்கலாம். நோட்டன் பிரிட்ஜ் வாசகியோ, வேலை முடிந்த பிறகு கணக்கில் கழிப்பது எங்கும் உள்ள வழக்கம்தானே என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள்.

1944 இல் வந்த இந்நாவலின் திரைப்படத்தில் வெல்வெட்டாக நடித்தவர் சிறுமி எலிசபெத் டெய்லர். பத்து ஆண்டுகள் கழித்து, இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதையான 'எலிபன்ட் வோக்' படத்தில், இங்கு வந்து நடித்த விவியன் லீ நோய்வாய்ப்பட்டமையால், அவர் இடத்தில் டெய்லர் துரைசாணியானார். தொலைக் காட்சிகள் சிலவற்றில் லீயின் உருவம் அப்படியே விடப்பட்டது. அவ்வகையில் வெல்வெட் மலையகத்துக்கு வந்ததும் உண்மை, வராததும் உண்மை.

கிராண்ட் நெஷனலில் முதன்முதலாக ஒரு பெண், சார்லட் புரூ, ஓட்டியது 1977 இல். ரேச்சல் பிளாக்மோர் வென்றது 2021 இல். நாவல் வெளிவந்து அப்போது 86 ஆண்டுகள். ஆகவே மலையக எழுத்தாளர்கள் தங்கள் வெல்வெட்டை எழுத இன்னும் காலம் தாழ்த்த வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள். தராசடிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள், குதிரையை ஏப்ரலில் நுவரெலியாவில் பார்த்துக்கொள்ளலாம்.