பிணம் மூச்சு விடுகிறது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் க்யூ.சி. வேலை பார்ப்பவனைச் சொந்தக்காரர்கள் நிம்மதியாக உட்கார விடுவதில்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்டவுடன், "நீதான் செக்கிங் ஆளாச்சே, வடை எப்படி இருக்கு சொல்லு" என்பார்கள். வீடு கட்டுகிறவர் செங்கல்லைக் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்வார். ஒருமுறை பெண் பார்க்கவும் கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கே மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆகவே விஸ்காம் படிக்கிற அக்கா மகன் பென்டிரைவும் கையுமாக வந்து, "மாமா, ஒரு த்ரில்லர் எடுத்திருக்கோம். வெளி ஆள் ஒருத்தர்கிட்ட காட்டி மார்க்கும் கையெழுத்தும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றபோது எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "முழுப் படமாடா?" என்றேன். "இல்ல மாமா. ஓப்பனிங் மட்டும். ரெண்டு நிமிஷம்." மீதி? "மீதி கிடையாது."

இப்படி ஒரு பாடம் நிஜமாகவே இருக்கிறது. சில வருஷம் முன்பு வரை இங்கிலாந்தில் ஓசிஆர் என்ற தேர்வு வாரியம் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையே வைத்திருந்தது. புதுப் படம் ஒன்றின் டைட்டிலும் ஆரம்பக் காட்சியும் எடுக்க வேண்டும், இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது, பிறகு ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பையன்களின் சார் அந்த ஏழையும் எங்கிருந்தோ எடுத்துத் தமிழ்ப்படுத்தி, கீழே 'மதிப்பீட்டாளர் கையொப்பம்' என்று ஒரு கோடும் போட்டிருந்தார்.

படம் எடுத்தது எங்கள் ஊர் ஆரணியில். ஆரணி என்றதும் பட்டுப்புடவை விலை கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இருப்பது. பட்டு கிடையாது, ஆறு உண்டு. ஆந்திராவில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தங்கி, ஊத்துக்கோட்டை வழியாக வந்து, பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிற ஆரணியாறு. வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் இருக்காது. படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட வசதி உண்டா? வாடகை இல்லாத பாலைவனம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டிவியில் பென்டிரைவைச் சொருகினான். அக்கா, அக்கா வீட்டுக்காரர், எதிர்வீட்டு ஆயா எல்லாரும் ஆஜர். திரை இருட்டு. லப் டப், லப் டப் என்று இதயத் துடிப்பு. பிறகு ஷூ போட்ட இரண்டு கால்கள். இந்தக் கால்கள் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த மாணவனும் த்ரில்லர் ஆரம்பித்ததில்லை. கால்கள் மணலில் நடக்கின்றன, நடக்கின்றன, நடந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு நிமிஷப் படத்தில் அரை நிமிஷம் கால்தான்.

"நம்ம சுடுகாட்டுப் பாதைதானே?" என்றார் ஆயா.

கேமரா மேலே போனது. ஹூடி போட்ட ஒருவன். தலையை மூடியிருக்கிறான். ஆடி மாசப் புழுக்கத்தில் ஆரணியில் ஹூடி போட்டவனைப் பார்த்தால் கொலைகாரன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள். அக்கா அதையே கேட்டாள். "யாருடா அது, உடம்பு சரியில்லையா?"

வலது கையில் கத்தி. அடுத்த ஷாட்டில் இடது கையில் கத்தி. அதற்கடுத்த ஷாட்டில் மறுபடி வலது. போனின் முன்பக்கக் கேமராவில் கொஞ்சம், பின்பக்கக் கேமராவில் கொஞ்சம் எடுத்ததால் வந்த வினை. ஹூடியின் நெஞ்சில் இருந்த எழுத்துகளும் ஒரு ஷாட்டில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றன. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இருபது வருஷமாக வெர்னியர் பிடித்த கை, குறை கிடைத்தால் துடிக்கத்தானே செய்யும்?

அந்த நேரம் பார்த்து, கொலைகாரன் மூச்சிரைக்கும் சத்தத்துக்குப் பின்னாலிருந்து எல்.ஆர். ஈஸ்வரி பாட ஆரம்பித்தார். ஆடி மாசம், பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுகிற கூட்டம், ஊருக்கு ஊர் குழாய் ஸ்பீக்கர். பையன்கள் இதயத் துடிப்பின் சத்தத்தை எவ்வளவு ஏற்றி வைத்தும் அம்மன் பாட்டே ஜெயித்தது. ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கத்தியை ஓங்குகிற இடத்தில் அக்காவும் போட்டுக்கொண்டாள். கொலைகாரனுக்கு அருள் வந்துவிட்டதாகவே இருவரும் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியில் பிணம். ஆற்று மணலில் மல்லாந்து கிடக்கிறது. சட்டையெல்லாம் ரத்தம், அதாவது ரோஸ்மில்க் சிரப். 'சைக்கோ' படத்தில் ஹிட்ச்காக் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப் ஊற்றினார் என்று எங்கேயோ பார்த்திருக்கிறார்கள். அது 1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், கறுப்பாக ஓடினால் போதும். அவர் ஸ்டுடியோவுக்குள் எடுத்தார், எறும்பு வரவில்லை. இங்கே பிணத்தின் காலர் வழியாக ஒரு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. அதையும் பொருட்படுத்தாமல் பிணம் படுத்திருந்தது. வயிறு மட்டும் நிதானமாக ஏறி இறங்கியது. அந்த வயிற்றின் மேலேயே டைட்டில் வந்து விழுந்தது: 'தி லாஸ்ட் பிரெத்'.

"கடைசி மூச்சுன்னு போட்டிருக்கான், இன்னும் விட்டுக்கினே இருக்கானே" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

பிணமாக நடித்தவர் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரத் தம்பி. கான்ட்ராக்டில் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக ஷூட்டிங்குக்கு வந்திருக்கிறார். படுக்கச் சொன்னதும் படுத்தவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். எழுப்பாமல் எடுத்திருக்கிறார்கள். மொத்தப் படத்திலும் நடிக்காமல் இருந்தது அவர் ஒருவர்தான், அதனால் அவர் ஒருவர்தான் நம்பும்படி இருந்தார்.

இனி அந்த ஏழு கேள்விகள். பையன் பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான். உங்கள் படைப்பு நிஜப் படங்களின் வழக்கங்களை எப்படிப் பயன்படுத்துகிறது, வளர்க்கிறது அல்லது எதிர்க்கிறது? 'ஹூடி, கத்தி, கால் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. மழை வராததால் மழையை எதிர்க்கிறது.' எந்தச் சமூகக் குழுவைப் படம் காட்டுகிறது? 'கொலைகாரர்கள்.' எப்படிப்பட்ட நிறுவனம் இதை வெளியிடும், ஏன்? 'நெட்ஃபிளிக்ஸ். இல்லாவிட்டால் ஆரணி பசங்க வாட்ஸ்அப் குரூப்.' யார் இதன் பார்வையாளர்கள் என்ற கேள்விக்கு 15 முதல் 35 வயது என்று எழுதியிருந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு எழுபத்தைந்து இருக்கும்.

"சொல்லு மாமா, எப்படி இருக்கு?"

எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் ஆரம்பித்து மெஷின் போட்டதும் முதலில் வருகிற பீஸை எடுத்துக்கொண்டு க்யூ.சி. டேபிளுக்கு ஓடி வருவார்கள். ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல். அதை அளந்து நான் ஓகே போடும் வரை ஆபரேட்டர் அடுத்ததைத் தொடக்கூடாது. முதல் பீஸில் ஓட்டை அரை மில்லி தள்ளியிருந்தால் பின்னால் வரும் நானூறும் அப்படித்தான் வரும். சினிமாவின் முதல் இரண்டு நிமிஷமும் ஃபர்ஸ்ட் பீஸ்தான். இதை அவனிடம் சொன்னேன். "அப்ப எங்க பீஸ்?" என்றான். ரீவொர்க் என்றேன். முகம் தொங்கிவிட்டது. ரிஜெக்ட் என்றால் சிவப்பு டப்பாவுக்குப் போகும், ரீவொர்க் என்றால் காப்பாற்றலாம் என்று அர்த்தம் என விளக்கியும் தேறவில்லை.

"'துருவங்கள் பதினாறு' எடுத்தப்ப கார்த்திக் நரேனுக்கு எங்களைவிட ரெண்டு மூணு வயசுதான் ஜாஸ்தி மாமா. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி எல்லாம் 'நாளைய இயக்குனர்'ல குறும்படம் எடுத்து வந்தவங்கதான்" என்றான். உண்மைதான். ஆனால் அவர்கள் படங்களில் பிணம் மூச்சு விட்டதாக நினைவில்லை.

வாதம் வளர்க்காமல் 'அந்த நாள்' போட்டேன். 1954, ஏவி.எம். தயாரிப்பு, எஸ்.பாலசந்தர் இயக்கம். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது. வீணைக்குப் பேர்போன மனிதர் பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுத்தார் என்பதே என் கணக்கில் ஒரு மர்மம். படம் ஆரம்பித்த உடனே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி விழுகிறார். யார் சுட்டது? பெண்டாட்டியா, தம்பியா, தம்பி பெண்டாட்டியா, பக்கத்து வீட்டுக்காரரா, இன்னொருத்தியா? மிச்சப் படம் முழுக்க அதுதான். சுட்டது யாரென்று இங்கே சொல்ல மாட்டேன். எழுபது வருஷம் தாண்டியும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

"முதல்லயே சிவாஜியைக் கொன்னுட்டா டிக்கெட் எடுத்தவன் என்னாத்தப் பார்க்கிறது?" என்றார் ஆயா. ஆனால் எழுந்து போகவில்லை. பையனும் போகவில்லை. கவனித்தால், அந்த ஆரம்பத்தில் இருட்டில் நடக்கும் ஷூ கிடையாது. நமக்குத் தெரிந்த ஒரு முகம், தெரியாத ஒரு காரணம், அவ்வளவுதான்.

ஹிட்ச்காக் சொன்னது வேறு மாதிரி. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. இருக்கிறது என்று முன்பே தெரிந்து, மேஜையில் இருப்பவர்கள் கதை பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிஷம் தவிப்பு. ஆர்சன் வெல்ஸ் 1958இல் 'டச் ஆஃப் ஈவில்' படத்தை அப்படித்தான் ஆரம்பித்தார். ஒருவன் காரில் குண்டை வைக்கிறான், ஒரு ஜோடி அதில் ஏறுகிறது, கேமரா மூன்று நிமிஷத்துக்கு மேல் வெட்டாமல் தெருவோடு போகிறது. கார் ஆடுகளுக்கெல்லாம் நின்று நின்று போகும். ஆடு மறிப்பதெல்லாம் நம் ஊர்ச் சமாச்சாரம்தானே, நமக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

"நம்ம ஊர்ல நீ எதுக்குடா பயப்படுவ?" என்று கேட்டேன். யோசித்தான். பேய் என்றான், அரியர் என்றான். "மாமா, உனக்கு?"

எனக்கு எண்ணிக்கைதான் பயம். டிஸ்பேட்ச் பெட்டியில் ஒரு பீஸ் குறைந்தால் திட்டு விழும், தேடினால் கிடைத்துவிடும். ஒரு பீஸ் அதிகமாக இருந்தால்தான் வயிற்றைக் கலக்கும். அது எங்கிருந்து வந்தது? எந்த மெஷினைத் தாண்டி வந்தது? செக்கிங் ஆகாமல் வந்ததா? அசெம்பிளி முடிந்தபின் தட்டில் ஒரே ஒரு போல்ட் மிச்சம் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் போல்ட்டை வெறித்துக்கொண்டு நாலு பேர் பேசாமல் நிற்பார்கள் பாருங்கள், அதற்கு இதயத் துடிப்பெல்லாம் சேர்க்க வேண்டியதே இல்லை.

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, கம்பெனி பஸ்."

செகண்ட் ஷிஃப்ட் விட்டு நடுராத்திரியில் வருகிற பஸ். ஏறும்போது டிரைவர் நோட்டில் எழுதுகிறார், இருபத்திரண்டு பேர். கவரைப்பேட்டையில் சிலர், புதுவாயலில் சிலர், ஆரணியில் மிச்சம். எண்ணி டிக் அடிக்கிறார், இருபத்திரண்டும் இறங்கியாயிற்று. கதவைச் சாத்துகிறார். கண்ணாடியில் பார்க்கிறார். கடைசி சீட்டில் ஒருவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

நிறுத்தியிருந்த பஸ் ஒன்றைக் கெஞ்சி வாங்கி, டிரைவராக நிஜ டிரைவரையே போட்டு எடுத்தார்கள். ஹூடி இல்லை, சிரப் இல்லை. கடைசி சீட்டுக்கு மறுபடி அந்த ஒடிசாத் தம்பிதான். போன தடவை மூச்சு விட்டதற்கு ஊரே சிரித்ததை அவர் மனதில் வைத்திருந்திருக்கிறார். 'தூங்குற மாதிரி இரு' என்று பையன்கள் சொன்னதும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்துவிட்டார். முகம் கறுத்துக்கொண்டே போகிறது. பார்க்கிறவனுக்கு அடிவயிறு சில்லிட்டது. இதை இயக்கிய பெருமையைப் பையன் இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போட்டுக் காட்டியபோது இது எந்தத் தெரு என்று ஆயா கேட்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. முடிந்ததும், "யாருடா அவன்? எங்க ஏறினான்?" என்றாள் அக்கா. பையன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது. மீதிப் படம் கிடையாதே. அக்கா விடவில்லை. ராத்திரி சோறு போடும்போதும் கேட்டாள், "டிரைவரோட தம்பியாடா?"

இருபதுக்குப் பதினாறு போட்டேன். நாலு மார்க் குறைத்தது, டிரைவர் கைக்கடிகாரம் ஒரு ஷாட்டில் இரண்டே காலும் அடுத்ததில் பன்னிரண்டு ஐம்பதும் காட்டியதற்கு. அதைக் குறிப்பில் சிவப்பு மையில் எழுதி, மதிப்பீட்டாளரின் தகுதி என்ற இடத்தில் 'க்யூ.சி., செகண்ட் ஷிஃப்ட்' என்று நிரப்பிக் கையெழுத்தும் போட்டேன்.

அவர்கள் சார் கடிகார விஷயத்தைப் படித்தாரா என்று கேட்டேன். இல்லையாம். கையெழுத்து புரிகிற மாதிரி போட்டிருக்கிறார், ஜூனியர் பேட்சுக்கும் இவரையே பார்க்கச் சொல்லு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லாமே பேய்ப் படமாம்.